புதுப்பிப்பு: நவீன நாவல் பட்டியலில் பாதியில் நின்றவன், முடித்துவிட்டேன்

ஆண்டு வரிசையில் இருபது நவீனத் தமிழ் நாவல்களைப் படிக்கத் தொடங்கி, மதுரையின் வரலாற்றைச் சொல்லும், ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலில் மூன்று முறை நின்றுபோனேன் என்று சித்திரையில் எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தினமும் ஐம்பது பக்கம் என்ற யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. பலன் தந்தது, “ஆண்டு வரிசையை விடுங்கள், மதுரையில் நடக்கும் நாவல்களிலிருந்து தொடங்குங்கள், பெரிய நூலுக்கு நடுவே சிறியதைப் படியுங்கள்” என்று ஓர் அக்கா சொன்னதுதான். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) ஒரே நாளில் நடக்கும் கதை; இரண்டு இரவுகளில் முடிந்தது. அந்த வேகத்தில் ‘காவல் கோட்ட’த்துக்குத் திரும்பினேன். மதுரை புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, நான்கு மாதத்தில் கடைசிப் பக்கம் வந்தது. நாயக்கர் காலக் கோட்டை இடிபடும் பகுதியைப் படித்த மாலையில் மாசி வீதிகளைச் சுற்றி நடந்தேன்.

எதிர்பாராதது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இன்றைய இந்தோனேசியாவின் மெடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் நடக்கும் கதை என்பதால் கடைசியில் வைத்திருந்தேன். ஆனால் அங்கே இருக்கும் கதாநாயகனின் நினைவில் மதுரைத் தெருக்கள் பொங்கி வருகின்றன! பட்டியலிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் சில அத்தியாயங்களில் வேற்றுமொழிச் சொற்கள் தடுக்கும். நிற்காமல் படியுங்கள், பிறகு பழகிவிடும்.