பைசன் இருந்தும் ஜிலிப்சி அது இல்லை என்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெபியன் 12 லினக்ஸ் மேல் எல்எஃப்எஸ் (லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச், அதாவது மூலநிரலிலிருந்து நாமே உருவாக்கும் லினக்ஸ்) கட்டிக்கொண்டிருக்கிறேன். பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் கருவிகள்), ஜிசிசி (கம்பைலர்) முதல் சுற்று இரண்டும் சிக்கலின்றி முடிந்தன. சி மொழி நூலகமான ஜிலிப்சியின் கான்ஃபிகரில்தான் (கட்டும் முன் தேவையானவை உள்ளனவா என்று பார்க்கும் படி) நிற்கிறது: முக்கியமான நிரல்கள் இல்லை அல்லது பழையவை என்று சொல்லி, பார்சர் உருவாக்கும் கருவியான பைசனைக் காட்டுகிறது.

என் சொந்தக் கணக்கில் பதிப்புச் சோதனை ஸ்கிரிப்டை ஓட்டினால் எல்லாம் சரி என்றே வருகிறது. எஸ்ஹெச் கட்டளை பாஷையும், ஆக் கட்டளை ஜிஆக்கையும்தான் சுட்டுகின்றன. ஆனால் இந்தக் கட்டுமானத்துக்கென்றே உள்ள எல்எஃப்எஸ் பயனராக நுழைந்து 'பைசன்' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது.

தேடிப் பார்த்ததில், இந்தக் கணினியில் யாரோ முன்பு பைசனை மூலநிரலிலிருந்து கட்டி /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் வைத்திருக்கிறார்கள். எல்எஃப்எஸ் பயனரின் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) டூல்ஸ்/பின்னும் /யூஎஸ்ஆர்/பின்னும் மட்டுமே உண்டு. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பாத்தில் லோக்கலைச் சேர்த்தால் அங்குள்ள வேறு பழைய கருவிகளும் உள்ளே வந்துவிடுமே என்று தயக்கம். டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாகப் பைசனை நிறுவினால் போதுமா? அப்புறம், பில்ட் அடைவை அழித்துவிட்டு ஜிலிப்சியிலிருந்து தொடரலாமா, இல்லை ஜிசிசியையும் மறுபடி கட்ட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.