ஆறு விசிறிகள், இரண்டே ஹெடர்கள்: ஸ்ப்ளிட்டரில் ஒரு பின் குறைவது பழுதா?

மஞ்சக்குப்பத்துக்காரன் கேட்டது:

வணக்கம். சென்ற வாரம் வீட்டிலேயே ஒரு கணினியைப் பூட்டி முடித்தேன். மாடியறையில் வைக்கப்போவதால், கடலூர் வெயிலை எண்ணிக் கேபினெட்டுக்கென்று 120 மி.மீ. விசிறிகள் ஐந்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றின் நடுவில் ஒட்டிய தாளிலும் ‘12 வோல்ட், 0.30 ஆம்பியர்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பழைய கணினியிலிருந்து கழற்றிய, மூன்று பின் (இணைப்பு ஊசி) கொண்ட விசிறி ஒன்றும் கையில் உள்ளது. மதர்போர்டிலோ, சி.பி.யூ. விசிறிக்கான இடம் போக, விசிறிக் கம்பியைச் செருகும் ஹெடர்கள் இரண்டுதான் இருக்கின்றன.

ஆகவே ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றைப் புதுச்சேரியில் வாங்கி வந்தேன். உறையைப் பிரித்துப் பார்த்தால், நான்கு முனைகளில் ஒன்றில் மட்டுமே நான்கு பின்களும் உள்ளன; மற்ற மூன்றிலும் மூன்றாவது பின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. இது பழுதான பொருளா? பழுதில்லையென்றால், நான்கு விசிறிகளை இதில் மாட்டி ஒரே ஹெடரில் செருகிவிடலாமா?

லாஸ்பேட்டை வாசகர் எழுதியது:

பொருள் பழுதில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். நான்கு பின்களில் முதலாவது கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது விசிறியின் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்வது, நான்காவது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மதர்போர்டு அனுப்பும் பி.டபிள்யூ.எம். கட்டளை. கட்டளையை எத்தனை விசிறிகள் வேண்டுமானாலும் ஒன்றாகக் கேட்கலாம். ஆனால் நான்கு விசிறிகளும் ஒரே கம்பியில் தத்தம் வேகத்தைச் சொன்னால், சந்தையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் விலை கூவுவதைப் போலாகி, மதர்போர்டுக்கு எதுவும் விளங்காது. அதனால்தான் ஒன்றுக்கு மட்டும் பேச அனுமதி.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு ஹெடர் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். உங்கள் விசிறிகள் நான்கைச் சேர்த்தால் 1.20 ஆம்பியர் ஆகிறது. போதாததற்கு, நின்றிருக்கும் விசிறி சுழலத் தொடங்கும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஸ்ப்ளிட்டர் கம்பியைத்தான் பிரிக்கிறதே தவிர, மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. வரம்பு மீறினால் கருகுவது நூற்றைம்பது ரூபாய் ஸ்ப்ளிட்டராக இருக்காது, மதர்போர்டின் ஹெடராக இருக்கலாம். மூன்று மாட்டினாலே 0.90 ஆகிவிடுகிறது; நானாக இருந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் மதர்போர்டின் கையேட்டில் ஹெடரின் ஆம்பியர் அளவு இருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதுநகர் மெக்கானிக் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. ஐந்து விசிறிகள் என்றால் ஸ்ப்ளிட்டரை விட்டுவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரடியாக, வட்டுகளுக்கான சாட்டா இணைப்பின் வழியே மின்சாரம் எடுத்துப் பல விசிறிகளுக்குப் பகிரும் ஹப் ஒன்றை வாங்குங்கள். அந்த இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் வரை தரவல்லது. உங்களுக்கு வேண்டியது 1.50 மட்டுமே. ஹெடரிலிருந்து ஹப்புக்குக் கட்டளை மட்டும் போகும், சுமை போகாது.

பழைய மூன்று பின் விசிறியை அந்த ஹப்பில் மாட்டாதீர்கள். அதற்குக் கட்டளை கேட்கும் நான்காவது கம்பி இல்லாததால், 12 வோல்ட்டையும் முழுதாக வாங்கி இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். அதை இரண்டாவது ஹெடரில் தனியாகச் செருகி, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அந்த ஹெடரை மட்டும் டி.சி. முறைக்கு மாற்றினால், வோல்ட்டேஜைக் குறைத்து வேகத்தை அடக்கலாம். சி.பி.யூ. விசிறியை எதனோடும் சேர்க்காமல் அதற்குரிய ஹெடரிலேயே விடுங்கள்.

விளக்கு வைத்த விசிறிகளாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. மூன்று பின் வண்ண விளக்குக்கு வேண்டியது 5 வோல்ட். நான்கு பின் விளக்கு ஹெடரில் வருவது 12 வோல்ட். அவசரத்தில் ஒன்றை மற்றதில் அழுத்திச் செருகி, மூன்று விசிறிகளின் விளக்குகளை ஒரே நொடியில் அணைத்தவன் நான். விசிறிகள் இன்றும் ஓடுகின்றன, இருட்டில்.

மஞ்சக்குப்பத்துக்காரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. விளக்கில்லாத விசிறிகள்தாம், தப்பித்தேன். ஹப் வாங்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஐந்தையும் மாட்டினேன். பழைய விசிறியின் பின் துளைகளில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகினேன். பயாஸில் அதன் வேகம் தெரிகிறது. ஆனால் ஹப்பில் உள்ள ஐந்துக்கும் சேர்த்து ஒரே எண்தான் காட்டுகிறது. மற்ற நான்கில் ஒன்று நின்றுபோனால் எப்படித் தெரியும்?

முதுநகர் மெக்கானிக் எழுதியது:

தெரியாது. முதல் துளையில் மாட்டிய விசிறியின் வேகம் மட்டுமே மதர்போர்டுக்குப் போகும். ஆகவே பின்பக்கம் சூட்டை வெளியேற்றும் விசிறியை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தூசி தட்டும் நாளில் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். புளோயர் அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.