மறு: திரை வன்முறை – ‘உணர்விழப்பு’ வேண்டாம், ‘உணர்வுக்காய்ப்பு’ என்போம்

குழுமத்தாருக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

திரையில் வன்முறையைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போவதை ஆங்கிலத்தில் desensitisation என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘உணர்விழப்பு’ என்பதையே முடிவாக்கிவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னர் என் மறுப்பையும் கேளுங்கள்.

இந்தியாவில் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் 1991இல் வந்த வழிகாட்டு நெறிகளில்தான் இந்தச் சொல் முதலில் தேவைப்படுகிறது. பார்ப்பவர் மனத்தை மரத்துப்போகவும் இரக்கமற்றதாகவும் செய்யக்கூடிய வன்முறைக் காட்சிகள் கூடாது என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. எங்கள் தியேட்டர்களுக்கு வரும் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அந்த நெறிகளின்படி சான்றிதழ் பெற்றவைதான். ஆகவே இது எங்களுக்கும் வேண்டிய சொல்.

‘உணர்விழப்பு’ என்றால் எனக்குப் பல்லுப் பிடுங்கப் போடும் விறைப்பூசிதான் நினைவுக்கு வருகிறது. ஒரே ஊசியில் வரும், சில மணித்தியாலத்தில் போய்விடும். படம் பார்த்து வருவது அப்படியா? எங்கள் பேச்சில் உள்ள ‘விறைப்பு’ம் சரிவராது. இங்கே “கை விறைச்சுப்போச்சு” என்றால் தொட்டாலும் தெரியவில்லை என்று பொருள். தமிழ்நாட்டில் விறைப்பு என்றால் இறுகி நிமிர்ந்து நிற்பது. ‘தணிக்கை’யிலேயே இந்தத் தொல்லையை அனுபவிக்கிறோம். அங்கே கணக்குப் பார்ப்பதும் தணிக்கை, இங்கே அது கணக்காய்வு. தணிக்கை என்றதும் எங்கள் தலைமுறைக்குப் போர்க்காலப் பத்திரிகையில் வெள்ளையாகக் கிடந்த பத்திதான் கண்ணில் நிற்கும்.

சல்லியிலும் சாம்பல்தீவிலும் கரைவலை இழுக்கிறவர்களின் உள்ளங்கையைப் பார்த்திருப்பீர்கள். கயிறு உரசி உரசித் தோல் தடித்து மஞ்சளாக இருக்கும். அதைக் காய்ப்பு என்கிறோம். அந்தக் கை செத்த கையல்ல. வலை முடிச்சு அதற்குத் தெரியும், உரசல் மட்டும் உறைக்காது. ஒருநாள் இழுப்பில் அது வராது, வந்தபின் லேசில் போகாது. நாம் தேடும் பொருளின் மூன்று கூறுகளும் இதில் இருக்கின்றன: திரும்பத் திரும்ப நடப்பது, மெல்ல மெல்ல வருவது, உணர்வு முழுதும் போகாமல் ஒன்றுக்கு மட்டும் தடித்துப்போவது. ஆகவே உணர்வுக்காய்ப்பு; வினையாக, உணர்வு காய்த்துப்போதல்.

‘காய்தல் உவத்தல்’ என்பதில் காய்தல் வெறுப்பாயிற்றே என்று கேட்பீர்கள். அது காய்தல், இது காய்த்தல். ‘கை காய்த்துவிட்டது’ என்பது இரு கரையிலும் விளங்கும்.

உளவியலில் இதே ஆங்கிலச் சொல் சிகிச்சைக்கும் வழங்குவதை மறக்கக்கூடாது. தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1950களில் உருவாக்கிய முறையில், பயப்படும் பொருளைப் படிப்படியாகப் பழக்கிப் பயத்தைக் குறைப்பார்கள். அது நோயாளிக்கு நன்மை. அதைக் காய்ப்பு என்பது அநியாயம்; ‘படிமுறை அச்சத்தணிப்பு’ என்று தனியாக வைப்போம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதால் நாமும் அடக்கவேண்டும் என்றில்லை.

இந்தச் சொல்லால் தணிக்கையாளரின் கேள்வியும் மாறும் என்பது என் நம்பிக்கை. விறைப்பூசி என்று நினைப்பவர் ‘எந்தக் காட்சியை வெட்டலாம்’ என்று தேடுவார். காய்ப்பு என்று நினைப்பவர், படம் முழுவதும் அந்தக் கயிறு எத்தனை முறை உரசுகிறது என்று பார்ப்பார். கொலையின் வலியை ஒருமுறை நேராகக் காட்டும் படம் தப்பும். சிரிக்கச் சிரிக்க ஐம்பது பேரை வெட்டிச் சாய்க்கும் படம் அகப்படும். இன்று பலநேரம் தலைகீழாகத்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. முன்தணிக்கை செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1970இல், திரைப்பட இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறும் என்பதைக் காரணமாகச் சொன்னது. 1991இன் நெறிகள் அது உணர்ச்சியை மழுங்கடிக்கும் என்றும் அஞ்சின. இரண்டும் நடக்கும். புதிதாகக் கயிறு பிடிக்கிறவன் கையில் அதே உரசலுக்குக் காய்ப்பு வராது, கொப்பளம்தான் வரும்.

1990இல் போருக்குப் பயந்து எல்லாவற்றையும் விட்டு ஓடி, காட்டுக்குள் ஒளிந்திருந்தவர் என் அம்மா. எத்தனையோ படம் பார்த்துவிட்டார். இன்றும் தொலைக்காட்சியில் துவக்குச் சத்தம் கேட்டால் எழுந்து குசினிக்குப் போய்விடுவார், படம் முடியும்வரை வரமாட்டார். அவருக்கு ஆகியிருப்பதற்குப் பெயர் உணர்வுக்காய்ப்பு அல்ல. அதற்கும் ஒரு சொல் வேண்டும். குழுமத்தில் உள்ள உளவளத்துணையாளர்கள் முன்மொழியுங்கள்.