சித்தப்பாவின் இடுப்பில் ஒரு வட்டம்

சனிக்கிழமை

சுமதி சித்தி: வித்யா, நீ பூஞ்சை நோய்களைப் படித்தவள்தானே, உன் சித்தப்பாவின் இடுப்பைப் பார். அவருக்குத் தெரியாமல் எடுத்த படம்.

சுமதி சித்தி: (படம்)

கணேசன் சித்தப்பா: நானும் இதே குழுவில்தான் இருக்கிறேன், சுமதி.

அரவிந்த்: அப்பா, விடியற்காலையில் இந்தக் காட்சி தேவையா?

சரோஜா அத்தை: படர்தாமரைதானே? இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு களிம்பைப் பூசு, கணேசா.

கணேசன் சித்தப்பா: பூசினேன், அக்கா. அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்தார். மூன்றாம் நாளே சிவப்பு, அரிப்பு எல்லாம் போன இடம் தெரியவில்லை. நிறுத்தினேன். ஒரே வாரத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு மாதமாக இதே கதை.

வித்யா: குழாயில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் பார்த்துச் சொல்லுங்கள், சித்தப்பா.

கணேசன் சித்தப்பா: குளோபெட்டசால், நியோமைசின், மைகோனசோல். மூன்று இருக்கிறது. ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடித்துவிடும் அல்லவா?

வித்யா: படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். பூஞ்சையைத் தொடுவது மைகோனசோல் ஒன்றுதான். நியோமைசின் பாக்டீரியாவுக்கானது, பூஞ்சை அதைச் சட்டை செய்யாது. குளோபெட்டசால் ஸ்டீராய்டு, பூசும் ஸ்டீராய்டுகளில் மிகக் கடுமையான வகை. மூன்றாம் நாள் கிடைத்த சுகம் அது தந்ததுதான்.

வித்யா: சிவப்பும் அரிப்பும் உங்கள் உடம்பு அந்தப் பூஞ்சையோடு போடும் சண்டை. ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிட்டது. எதிராளி இல்லாத களத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவிக்கொண்டிருந்தது. இடுப்பு, தொடை இடுக்குபோன்ற மடிப்புகளில் தோல் ஸ்டீராய்டை அதிகமாக உறிஞ்சும். நாள்பட்டால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது மறையாது.

சரோஜா அத்தை: அரிப்பு நின்றால் நோய் போயிற்று என்றுதானே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

வித்யா: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அத்தை. ஸ்டீராய்டு பூசிப் பூசி வட்ட வடிவமே கலைந்துபோய், மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போவதும் உண்டு. அதற்கு 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர். மாறுவேடத்தில் திரியும் படர்தாமரை.

அரவிந்த்: அக்கா, அது ஏன் வட்டமாகவே வருகிறது? காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி இருக்கிறது.

வித்யா: இதைக் கேட்டதற்காக உன் கிண்டலை மன்னிக்கிறேன். பூஞ்சை என்பது நூல் போன்ற இழை. அந்த இழை நுனியில் மட்டும்தான் நீளும், பக்கவாட்டில் கிளை விடும். தோலில் ஒரு வித்து ஒட்டி முளைத்தால், இழைகள் எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெளியே ஓடும். வேறு வடிவத்துக்கு வழியே இல்லை. நடுப்பகுதியில் உடம்பின் எதிர்ப்பு வலுத்து, பூஞ்சை ஒடுங்கித் தோல் தெளிந்துவிடும். உயிர்ப்புடன் இருப்பது விளிம்புதான். அதனால்தான் மருந்தை வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துப் பூசச் சொல்கிறோம்.

கணேசன் சித்தப்பா: நான் நடுவில்தான் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சுமதி சித்தி: இது ரத்தத்தில் இறங்கிவிடாதே? கேட்கவே பயமாக இருக்கிறது.

வித்யா: இறங்காது, சித்தி. இதற்குச் சாப்பாடு கெரட்டின் என்ற புரதம். தோலின் மேலடுக்கு, முடி, நகம், இப்படி நம் உடம்பில் ஏற்கெனவே இறந்துபோன பகுதிகளில் நிறைந்திருப்பது. நொதிகளைச் சுரந்து அதைக் கரைத்து உறிஞ்சுகிறது. கீழே உயிருள்ள அடுக்கின் சூடும் எதிர்ப்பும் இதற்குப் பெரும்பாலும் ஒத்துவராது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் கதை வேறு. அதன் வித்து 2 அல்லது 3 மைக்ரோமீட்டர்தான், மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும், 37 டிகிரியிலும் செழித்து வளரும். நலமாக இருப்பவர்களின் வெள்ளணுக்கள் அதை விழுங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குத்தான் அது உயிராபத்து.

கணேசன் சித்தப்பா: சரி. அதே நண்பர் இட்ரகோனசோல் மாத்திரை மீதம் இருக்கிறது, தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளவா?

வித்யா: வேண்டாம்! நீங்கள் கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்கள்தானே?

சுமதி சித்தி: ஆமாம், தினமும் இரவில்.

வித்யா: பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இருக்கிறது. நம் செல்லில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்டிரால். பெரும்பாலான பூஞ்சை மருந்துகள் அந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கின்றன. இட்ரகோனசோல், மைகோனசோல் போன்றவை எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. சிக்கல் என்னவென்றால், நம் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளும் அதே குடும்பம். இட்ரகோனசோல் அவற்றையும் சேர்த்து முடக்கும். சிம்வாஸ்டாட்டின் சிதையாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது.

அரவிந்த்: அந்த நண்பரின் எண்ணை அப்பாவின் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

சரோஜா அத்தை: பாக்டீரியாவுக்கு எத்தனையோ மருந்து இருக்கிறதே. பூஞ்சைக்கு மட்டும் ஏன் இந்தப் பஞ்சம்?

வித்யா: உறவுமுறைதான் காரணம், அத்தை. பாக்டீரியா நமக்கு அந்நியம், பூஞ்சை ஒன்றுவிட்ட பங்காளி. அதைக் கொல்லும் பெரும்பாலானவை நம்மையும் தாக்கும். தலையில் வரும் ஒரு படை நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று டேவிட் குரூபி 1841இலேயே காட்டிவிட்டார். காசநோய்க் கிருமியைக் கோக் அறிவித்தது 1882இல்தான். கண்டுபிடிப்பில் இவ்வளவு முந்தியும், படர்தாமரைக்கு உள்ளே சாப்பிடும் முதல் நல்ல மருந்தான கிரிசியோஃபல்வின் புழக்கத்துக்கு வர 1950களின் கடைசி ஆயிற்று. அதுவும் ஒரு பூஞ்சையிலிருந்தே எடுத்தது!

வித்யா: சித்தப்பா, களிம்பை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். செதில் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வியாழக்கிழமை

கணேசன் சித்தப்பா: போய்வந்தேன். மழுங்கிய கத்தியால் விளிம்பில் சுரண்டினார்கள். மாவு போல உதிர்ந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்து ஏதோ சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார்கள்!

வித்யா: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவர் மட்டும் தாக்குப்பிடிக்கும். என்ன தெரிந்தது?

கணேசன் சித்தப்பா: முதலில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதுதான் பூஞ்சையா என்றேன். செல்களின் ஓரங்கள் என்றார்கள். திருகைக் கொஞ்சம் திருப்பியதும், அந்தக் கட்டங்களை மதிக்காமல் குறுக்கே ஓடும் பளபளப்பான நூல்! நடுநடுவே தடுப்பு, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. என் மேல் இவ்வளவு நாள் குடியிருந்ததை நேரில் பார்த்துவிட்டேன்.

வித்யா: அந்தக் கட்டங்களைப் பார்த்து நானே படிக்கத் தொடங்கிய முதல் மாதம் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். என்ன மருந்து கொடுத்தார்கள்?

கணேசன் சித்தப்பா: ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டு டெர்பினாஃபைன் மாத்திரை. வட்டம் மறைந்தாலும் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாதாம். ஒரு மாதத்தில் அடங்காவிட்டால், பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்களாம்.

வித்யா: நல்ல மருத்துவர். டெர்பினாஃபைன் அதே எர்கோஸ்டெரால் பாதையில் இன்னும் முன்னதாக, வேறொரு நொதியைத் தடுக்கிறது. ஸ்குவாலீன் என்ற மூலப்பொருள் தேங்கிப் பூஞ்சையைக் கொல்லும். ஆனால் அந்த நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்து ஒட்டாமல் போகலாம். அப்படி மாறிய ஒரு வகைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். வளர்ப்புச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். பெரும்பாலான பாக்டீரியா மறுநாளே தெரியும், இது வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.

சுமதி சித்தி: முக்கியமானதை அவர் சொல்லவில்லை. மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். விரலிடுக்கு முழுதும் வெளுத்துப் போய்ச் சேற்றுப்புண்!

கணேசன் சித்தப்பா: அதுதான் மூலமாம். உள்ளாடை போடும்போது காலிலிருந்து மேலே ஏறுகிறதாம். இனி காலுறையை மாட்டிக்கொண்டுதான் உள்ளாடை.

அரவிந்த்: இந்தக் குழுவிலிருந்து வெளியேற எங்கே அழுத்த வேண்டும்?

வித்யா: நீயும் அப்பாவும் ஒரே துண்டைப் பயன்படுத்துகிறீர்களா?

அரவிந்த்: இனி இல்லை.

சரோஜா அத்தை: வித்யா, என் கால் பெருவிரல் நகம் பத்து வருடமாக மஞ்சளாகத் தடித்து நொறுங்கிக்கொண்டிருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். படம் அனுப்பவா?

வித்யா: அனுப்புங்கள், அத்தை. நகச்சாயத்தை அழித்துவிட்டு.