ஆற்றில் கிடந்த கல்

'பெண்ணைக்கரை வீடு' குழு
மார்கழிக் கடைசி வாரம்

செல்வி (காலை 6:12): எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு மாதமாகப் பெண்ணையாற்றங்கரையில் நடக்கிறேன். அங்கே மணலில் கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்து வந்து, பால்கனியில் துளசிக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றுகிறேன். கோயில் கூட்டத்தில் கிடைக்காத அமைதி அதன் முன்னால் கிடைக்கிறது. எந்தச் சாமி என்றுகூடத் தெரியாது. இப்படிச் செய்யலாமா?

முருகேசன் சித்தப்பா (6:40): பெயர் இல்லை, மந்திரம் இல்லை, பிரதிஷ்டை இல்லை. இது என்ன வழிபாடு அம்மா? பஸ் ஏறினால் கடலூர் பாடலீசுவரர் கோயில். அங்கே போய் உட்கார்.

குமரன் (6:44): சித்தப்பா, அவர் பெயரே மரத்திலிருந்து வந்ததுதானே? பாடலம் என்றால் பாதிரி. திருப்பாதிரிப்புலியூர் என்ற ஊர்ப் பெயரில் மரம் இருக்கிறது, புலி இருக்கிறது. ஈசன் பெயரைக் காணோம்.

முருகேசன் சித்தப்பா (6:47): அது தலமரம். இவள் வைத்திருப்பது தெருவில் போகிறவன் தடுக்கி விழுகிற கல்.

வசந்தா அத்தை (7:05): கல் என்றால் இளப்பமா? அப்பர் பெருமானைக் கட்டிக் கடலில் தள்ளிய கல்தானே தெப்பமாகி நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது? கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. என் மாமியார் வீட்டில் கன்னிமார் ஏழு பேரும் ஏழு செங்கல்தான். மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்போம்.

முருகேசன் சித்தப்பா (7:06): மிதந்தது ஐந்தெழுத்தால். கல்லால் அல்ல.

வசந்தா அத்தை (7:09): சரி, தம்பியிடம் வாதாட முடியாது. யாருக்காவது முருங்கைக்காய் வேண்டுமா? மரம் தாங்கவில்லை.

குமரன் (7:15): எனக்குப் பத்து. செல்வி, புதுச்சேரிக்கு வந்தால் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்கு அழைத்துப் போகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் வழி. அய்யனாருக்கு உரிய காடு என்பதால்தான் அது இன்னும் காடாக இருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால் பதில் இல்லை. எறும்புதான் எழுப்பி அனுப்பியது.

அம்மா (8:30): ஆயாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "சாமியா இல்லையா என்பது இருக்கட்டும். நீ பிள்ளைகளோடு பெங்களூரு போய்விட்டால் யார் விளக்கேற்றுவது? உன் பாட்டனார் பிழைப்புக்காக இங்கே வந்தபோது, குலதெய்வத்திடம் பூப்போட்டு உத்தரவு கேட்ட பிறகுதான் பிடிமண் எடுத்தார். அந்த ஒரு பிடி மண்ணுக்கு இன்றுவரை பொங்கல் வைக்கிறோம். நீ கேட்டாயா?"

செல்வி (8:33): கேட்கவில்லை. கிடந்தது, எடுத்தேன்.

அம்மா (8:41): "கிடந்தது என்றால் உடையவர் இல்லை என்றா அர்த்தம்? அது ஆற்றினுடையது. தை 5 அன்று ஆற்றுத் திருவிழாவுக்கு உற்சவர்களே ஊர் ஊராகக் கிளம்பி ஆற்றுக்கு வருகிறார்கள். சாமி தேடிப் போகிற இடத்திலிருந்து நீ ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறாய். உனக்கு அங்கே கால் போகிறதல்லவா, நீ போ."

முருகேசன் சித்தப்பா (8:42): என் அம்மா, உங்கள் ஆயா, சொன்னது சரி. நானும் அதைத்தான் சொன்னேன்.

குமரன் (8:42): எப்போது?

தை 5

செல்வி (மாலை 5:20): ஆல்பேட்டையில் கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றில் இறங்கினேன். தீர்த்தவாரி முடிந்த பிறகு முழங்கால் தண்ணீரில் கல்லை விட்டேன். மனம் கேட்காமல் காலால் துழாவிப் பார்த்தேன். மணல் அதற்குள் மூடிவிட்டது.

வசந்தா அத்தை (5:22): திருவிழாக் கடையில் சுருளிக்கிழங்கு வாங்கினாயா?

செல்வி (5:23): இரண்டு கிலோ. அம்மா, நாளைக் காலையும் அங்கே போகிறேன். செருப்பைக் கரையிலேயே விட வேண்டுமா என்று ஆயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அம்மா (5:31): "இத்தனை நாள் செருப்போடா இறங்கினாள்?" என்று கேட்கிறார்.