போகிமான் கோல்ட் திரும்ப விளையாடுறேன், இந்த லெவல் விஷயம் அப்பவே இப்படித்தான் இருந்துச்சா?

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுல மாமா சிங்கப்பூர்லேர்ந்து கேம் பாய் கலரும் போகிமான் கோல்ட் காட்ரிட்ஜும் வாங்கிட்டு வந்து குடுத்தாரு, நான் முழுசா முடிச்ச முதல் கேம் அதுதான். அந்த காட்ரிட்ஜ் இன்னும் இருக்கு, ஆனா சேவ் நிக்க மாட்டேங்குது, அதனால 3டிஎஸ்ல டவுன்லோடா வாங்கி வச்சிருந்த கோல்டைத்தான் இப்ப ஒரு மாசமா ராத்திரி சாப்பிட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமா விளையாடிட்டு வரேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். ஆரம்பத்துலயே அம்மா வந்து இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்குறாங்க பாருங்க, அந்த இடத்துலயே எனக்கு மனசு குளுந்துடுச்சு. சாயங்காலம் ஆறு மணியானா கேம்லயும் இருட்டிடும், வீட்டு ஜன்னல்ல எல்லாம் மஞ்சளா வெளிச்சம் தெரியும், புல்லுல போனா ஹூட்ஹூட்னு ஆந்தை போகிமான் வரும். மியூசிக் பத்தி சொல்லவே வேணாம், எக்ருடீக் சிட்டி பாட்ட கேட்டுக்கிட்டு சும்மாவே நின்னுட்டு இருந்தேன்.

ஆனா நாலாவது ஜிம் தலைவன ஜெயிச்சு நாலாவது பேட்ஜ் வாங்கினதுக்கு அப்புறம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஒலிவின் போலாம், கடல் தாண்டி சியான்வுட் போலாம், அந்தப் பக்கம் மஹோகனியும் போலாம், எங்க போனாலும் காட்டுல வர்றது எல்லாம் இருபது சொச்சம் லெவல்தான். ராக்கெட் கும்பல் ஆளுங்க வரிசையா நின்னு அதே ராட்டாட்டா, அதே ஸூபாட், அதே காஃபிங். சின்ன வயசுல டைஃப்லோஷன்ங்கற ஒரே போகிமான மட்டும் வளத்துக்கிட்டே போயிருப்போம் போல, அதனால ஒண்ணும் தெரியல. இப்ப டீம்ல இருக்கற ஆறையும் சமமா வளக்கணும்னு ஆசைப்பட்டா ஆறும் முப்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது.

என் கேள்வி மூணு. இது கேமோட குறைதானா, இல்ல நான் விளையாடுற விதமா? கடைசில போற பழைய கேமோட பகுதி காண்டோவுக்குப் போனா சரியாயிடுமா, இல்ல இதயே புதுசா செஞ்சு 2009ல வந்த ஹார்ட்கோல்டுக்கு இப்பவே மாறிடலாமா? அப்புறம் அந்தப் பழைய காட்ரிட்ஜ்ல பேட்டரி மாத்தினா சேவ் நிக்குமா? இன்னும் விட மனசு வரல, அதான் கேக்குறேன்.

ஈயப்பத்து:

மூணாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றனுங்க, மத்தது இங்க இருக்கறவங்க சொல்லுவாங்க.

தாராளமா நிக்கும். உள்ள இருக்கறது சிஆர்2025 பட்டன் செல்லுங்க. கோல்ட், சில்வர், கிறிஸ்டல் மூணுலயும் அந்த ஒரே செல்லுதான் சேவ் பண்ணதையும் காப்பாத்தோணும், கடிகாரத்தையும் ஓட்டோணும், கேம் பாய அணைச்சு அலமாரில போட்டாலும் உள்ள கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் கடிகாரம் இல்லாத முந்தின கேமுங்க ரெட், ப்ளூ காட்ரிட்ஜ் எல்லாம் இன்னும் உசுரோட இருக்கறப்ப இது முன்னாடியே போயிடுது.

பின்னாடி இருக்கற திருகாணி சாதா ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாதுங்க, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் டிரைவர் வேணும். செல்லு வாங்கறப்ப ரெண்டு பக்கமும் தகடு வச்சதா பாத்து வாங்குங்க. வெறும் செல்லு மேல நேரா ஈயம் வச்சு சூடு காட்டிடாதீங்க, வெடிக்கறதுக்கு வாய்ப்பிருக்கு. பழசோட தகட்டுல சூடு வச்சு மெதுவா தூக்கி, பிளஸ் மைனஸ் பாத்து புதுசப் பத்த வச்சா அரை மணி நேர வேலைங்க. இன்னும் சேவ் இருக்கற காட்ரிட்ஜா இருந்தா செல்லக் கழட்டுனதும் அது போயிடும், அதுக்கு முன்னாடியே ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சுக்கோணும். உங்களுது ஏற்கெனவே போயிட்டதால அந்தக் கவலை இல்ல. கை நடுக்கம் இருந்தா ரேடியோ, டிவி ரிப்பேர் பண்ற பழைய ஆளு யாருகிட்டயாவது குடுங்க, போர்டப் பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சுடும்.

குறிஞ்சி:

உங்க மேல ஒரு தப்பும் இல்ல, கேம் அப்படித்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச போகிமான் கேம் இதுதான், இருந்தாலும் இந்த விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

நாலாவது ஜிம்ல தலைவன் மார்ட்டியோட கெங்கார் லெவல் 25. அஞ்சு, ஆறு, ஏழ எந்த வரிசைல வேணாலும் பண்ணலாம்னு விட்டுட்டதால மூணையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல வச்சிருக்காங்க, சக்கோட பாலிராத் 30, ப்ரைஸோட பிலோஸ்வைன் 31, ஜாஸ்மினோட ஸ்டீலிக்ஸ் 35. அதாவது சுதந்திரம் குடுத்தாங்க, அதுக்கு விலையா நடுப்பகுதி முழுக்க மேடு பள்ளமே இல்லாம போயிடுச்சு. அடுத்து எட்டாவது ஜிம்ல கிளேர் திடீர்னு கிங்ட்ரா 40னு வந்து நிப்பா. கடைசில சாம்பியன் லேன்ஸோட பெரிய டிராகனைட்டே 50தான். அவன்கிட்ட 47ல வேற ரெண்டு டிராகனைட் இருக்கு, நம்ம கையில 55 ஆனாத்தான் அது டிராகனைட்டாவே மாறும். நம்மள அவ்ளோ உயரம் ஏத்திவிட வழி இல்லாததால அவனக் கீழ இறக்கிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணும்.

இதவிட எனக்கு வருத்தம் வேற. புதுசா நூறு போகிமான் கொண்டு வந்துட்டு அதுல பாதிய ஒளிச்சு வச்சிருக்காங்க. டார்க்னு ஒரு புது வகையே இந்த கேம்லதான் வந்துச்சு, ஆனா சாம்பியனோட மோதுற கடைசிப் போட்டி, அதான் லீக், முடியற வரைக்கும் நமக்குக் கிடைக்கிற ஒரே டார்க் போகிமான் அம்ப்ரியான், அதுவும் ஈவிய பாசமா வளத்து ராத்திரி நேரத்துல லெவல் ஏத்துனாத்தான். ஹௌண்டவரும் மர்க்ரோவும் இந்த கேம் நடக்குற ஜோட்டோ பகுதி போகிமான்னு பேரு, பிடிக்கணும்னா காண்டோவுக்குப் போகணும். லார்விடார் மவுண்ட் சில்வர்ல, அதாவது கேம் முடியற வாசல்ல! அத வளத்து டைரானிடார் ஆக்கி யார்கிட்ட சண்ட போடுறது? ஃபால்க்னர் பறவை ஜிம் வச்சிருக்கான், பிட்ஜியும் பிட்ஜியாட்டோவும்தான் வச்சிருக்கான், ஹூட்ஹூட் ஒண்ணு வச்சிருந்தா என்னங்க?

மூணாவது ஜிம் விட்னி மட்டும் விதிவிலக்கு. லெவல் 20 மில்டாங்க்தான், ஆனா ரோல்அவுட் ஒவ்வொரு உருளலுக்கும் ரெண்டு மடங்கு ஆகும், நடுவுல பால் குடிச்சு உடம்ப தேத்திக்கும், நம்ம போகிமான் ஆணா இருந்தா அட்ராக்ட் போட்டு மயக்கிடும். கோல்டன்ராட் கடைல ஒருத்தர்கிட்ட ட்ரௌஸிய குடுத்தா மச்சாப் தருவாரு, அது பெண், மயங்காது, அதோட மில்டாங்குக்கு ஆகாத சண்டை வகை. அதே ஊருக்குள்ளயே பதில வச்சுட்டு நம்மளத் தேட விட்டிருக்காங்க. இப்படி யோசிச்சு வச்ச ஆளுங்கதான் மத்த ஜிம்ம அப்படி விட்டாங்கன்னு நினைச்சாத்தான் மனசு ஆறல.

கர்ட் தாத்தா செஞ்சு தர்ற, போகிமான் பிடிக்கிற பந்து கதை தெரியுமா? ஆப்ரிகார்ன்னு ஒரு காய குடுத்துட்டு மறுநாள் போய் வாங்கணும். எவ்ளோ ஆசையா காத்திருந்து வாங்குவோம், அதுல மூணு ஒழுங்கா வேலை செய்யாது. லவ் பால் எதிர்பாலுக்கு வேலை செய்யணும், கோடு தப்பா எழுதி ஒரே பாலா இருந்தாத்தான் வேலை செய்யுது. மூன் பால் மூன் ஸ்டோனால மாறுற போகிமான பாத்து வேலை செய்யணும், அது மூன் ஸ்டோனுக்குப் பதிலா பர்ன் ஹீல்ங்கற மருந்த பாக்குது, அதனால பயனே இல்ல. ஃபாஸ்ட் பால் மேக்னமைட், க்ரைமர், டாங்கலா மூணுக்கு மட்டும்தான் வேலை செய்யுது.

காண்டோ பத்தி. எட்டு ஜிம்மும் இருக்கு, போய்ப் பாக்குற சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது, ஆனா சுருக்கிட்டாங்க. சஃபாரி ஸோன் மூடியிருக்கும், சின்னபார் எரிமலைல அழிஞ்சு போச்சுன்னு சொல்லுவாங்க, விரிடியன் காடு வெறும் பாதை ஆயிடுச்சு. 1997ல ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சிக்காக செஞ்ச டெமோல மொத்த காண்டோவும் ஒரே ஒரு ஊராத்தான் இருந்துச்சு, அதோட ஒப்பிட்டா இது எவ்ளோவோ மேல். அப்ப ஹால் லேபரட்டரிங்கற கேம் கம்பெனி தலைவரா இருந்த சடோரு இவாடா படங்கள சுருக்குற டூல் எழுதிக் குடுத்ததும் இந்த கேமுக்குத்தான்.

ஹார்ட்கோல்ட் அழகா இருக்கும், போகிமான் பின்னாடியே நடந்து வரும், சஃபாரி ஸோன் உண்டு. ஆனா லெவல பெரும்பாலும் அப்படியே விட்டுட்டாங்க. அதுக்காக மாறாதீங்க.

பனங்கொட்டை:

குறிஞ்சி சொன்னது எல்லாம் சரி, நான் மறுக்கேல்லை. ஆனா லெவலை மட்டும் வைச்சு இந்த கேமை அளக்கக்கூடாது எண்டு நான் நினைக்கிறன். நான் டொரோண்டோவிலை வளர்ந்தனான், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஹோம்வொர்க் முடிச்சுப்போட்டு எடுத்தா ஆறு மணி தாண்டியிருக்கும், கேமுக்கை இரவு. விடிய நாலு மணியிலையிருந்து பத்து மணி வரைக்கும்தான் அங்கை காலமை, அந்தக் காலமையை சனி ஞாயிறிலைதான் கண்டிருக்கிறன். அப்ப எனக்கு ஜோட்டோ எண்டா இரவுதான்.

இப்ப திரும்ப விளையாடேக்கைதான் தெரியுது, இவை கிழமையை வைச்சு எவ்வளவு செய்து வைச்சிருக்கினம் எண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் யூனியன் குகையின்ரை அடியிலை லாப்ராஸ் வரும். செவ்வாய், வியாழன், சனியிலை நேஷனல் பார்க்கிலை பூச்சி பிடிக்கிற போட்டி. திங்கள் இரவு மவுண்ட் மூன்லை கிளெஃபேரியள் ஆடும். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு ஆள் எண்டு ஏழு சகோதரங்கள் ஏழு இடத்திலை நிப்பினம், திங்களுக்கு மோனிக்கா, வெள்ளிக்கு ஃப்ரீடா, அந்தந்த நாளிலை போனாத்தான் சாமான் தருவினம். சின்னனிலை இதுகள் கண்ணிலையே படேல்லை, ஏனெண்டா ஒரே மூச்சிலை ஓடி முடிக்கிற அவசரம்.

அண்ணை, உங்களுக்கு நடுப்பகுதி அலுப்படிக்குதெண்டா நான் சொல்லுறதைச் செய்து பாருங்கோ. ஒரு நாளிலை கனக்க விளையாடாதேங்கோ. வெள்ளிக்கிழமையெண்டா லாப்ராஸ், சனியெண்டா பூச்சிப் போட்டி, ஆப்ரிகார்னை குடுத்துப்போட்டு மூடி வையுங்கோ. யங்ஸ்டர் ஜோயி போன் எடுத்து தன்ரை ராட்டாட்டாவைப் பற்றிப் புழுகுவான், அதையும் இருந்து கேளுங்கோ. நான் இப்ப வேலைக்குப் போகேக்கை ரெயினிலை இருபது நிமிசம்தான் விளையாடுறன், அந்த இருபது நிமிசத்துக்கு இந்த கேம் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. லெவல் ஏறேல்லை எண்டு எனக்கு ஒரு நாளும் தோன்றேல்லை.

மொட்டைமாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈயப்பத்து அண்ணா, டிரைவரும் தகடு வச்ச செல்லும் ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் பண்ணிட்டு போட்டோ போடுறேன்.

பனங்கொட்டை, நேத்து வெள்ளிக்கிழமை, நீங்க சொன்னதும் குகைக்குப் போனேன், தண்ணில நிஜமாவே லாப்ராஸ் நின்னுட்டு இருக்கு! லெவல் 20. புடிச்சுட்டேன், டீம்ல சேத்துக்கிட்டேன், கிளேருக்கு இது போதும்னு நினைக்கிறேன், ஐஸ் பீம் தானாவே கத்துக்குமாமே. ஹார்ட்கோல்டு எண்ணத்த விட்டாச்சு. குறிஞ்சி, கடைசியா ஒண்ணு மட்டும், மவுண்ட் சில்வர்ல கடைசியா நிக்கிற ட்ரெய்னர் ரெட்டோட பிகாச்சு லெவல் 81னு ஞாபகம், காண்டோ ஜிம்ல கடைசி ஆளு ப்ளூவே 58தான்னா நடுவுல அந்த இருபத்தி மூணு லெவல எங்க போய் ஏத்துறது?

குறிஞ்சி:

எங்கயும் இல்ல, அதுதான் இந்த கேமோட பெரிய ஓட்டை. லீக்ல வர்ற எலைட் ஃபோர் நாலு பேர திரும்பத் திரும்ப அடிக்கணும், அத விட்டா போன்ல கூப்பிடுற ட்ரெய்னருங்க, அவ்ளோதான். ஆனா 81க்கு நீங்க போக வேண்டியதில்ல, அறுபது பக்கம் வந்தாலே போங்க. எஸ்பியானுக்கு அம்ப்ரியான், சாரிஸார்டுக்கு லாப்ராஸ்ல சர்ஃப், பிகாச்சுக்கு நிலம் வகை எது இருந்தாலும் சரி. ஸ்நார்லாக்ஸ்தான் உயிர வாங்கும், ரெஸ்ட் போட்டுத் தூங்கி எழுந்துடும், அதுக்கு அந்த கோல்டன்ராட் மச்சாப்ப கைவிடாம வளத்து வச்சிருங்க. மச்சாம்ப் ஆக்கணும்னா ட்ரேட் பண்ண ஆள் வேணும், 3டிஎஸ் வச்சிருக்கிற நண்பர் யாராவது பக்கத்துல இருந்தா இப்பவே பேசி வைங்க.

பனங்கொட்டை:

மச்சாம்ப் இல்லாட்டியும் அதுக்கு முந்தின மச்சோக்கே காணும், நான் அதை வைச்சுத்தான் ஸ்நார்லாக்ஸை விழுத்தினனான். க்ராஸ் சாப் பழக்கி விடுங்கோ.