வென்ட் பைப் இருக்குற டேங்குக்கு வாக்யூம் பிரேக்கர் தனியா எதுக்கு?

பைப்பிங்_தம்பி:
வணக்கம், டிசைன் டீம்ல புதுசு. அணுமின் நிலையத்துக்கான கன்டென்சேட் ஸ்டோரேஜ் டேங்க் (சுத்தமான தண்ணி சேத்து வைக்கிறது) டிராயிங் ஒண்ணு பாத்துட்டு இருக்கேன். ரூஃப்ல காத்து போய்வர்ற வென்ட் இருக்கு, ஓவர்ஃப்ளோ இருக்கு, அது போக உள்ள பிரஷர் குறைஞ்சா திறந்து வெளிக்காத்த உள்ள விடுற வாக்யூம் பிரேக்கர் ரெண்டு வேற. அவ்ளோ உயரத் தண்ணிய தாங்குற டேங்குக்கு மேல கொஞ்சம் வாக்யூம் வந்தா என்ன ஆயிடப் போகுது? ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் வச்சு, தண்ணிய இழுக்குற பம்ப்ப டிரிப் பண்ண (தானா நிறுத்த) விட்டா போதாதா?

உருளைத்தொட்டி:
தம்பி, தண்ணி உள்ளேருந்து தள்ளும்போது தகடு இழுபடும், ஸ்டீல் அதை அசால்ட்டா தாங்கும். வாக்யூம்னா வெளிக்காத்து அமுக்கும், அப்ப தகடு நசுங்கி பக்கிள் ஆகும், அங்க ஸ்டீலோட பலத்தவிட தகட்டோட கனம்தான் கணக்கு. மேல் வரிசைத் தகடும் ரூஃபும்தான் இருக்கறதுலயே மெல்லிசு. ஏபிஐ 650ங்கற ஸ்டீல் டேங்க் ஸ்டாண்டர்ட் படி கட்டுன டேங்குக்கு வாக்யூம் டிசைன் தனியா கேக்கலேன்னா 0.25 கிலோபாஸ்கல்தான், ரெண்டரை செ.மீ. தண்ணி உயரம், அவ்ளோதான். 1 கிலோபாஸ்கல் வந்தா 12 மீட்டர் விட்ட ரூஃப் மேல பதினோரு டன்னுக்கு மேல ஏத்தி வச்ச மாதிரி.

டிரான்ஸ்மிட்டர் மேட்டருக்கு ஒரு கணக்கு போட்டுப் பாரு. மேல 100 கனமீட்டர் காத்து, வென்ட் அடைச்சிருக்கு, பம்ப் மணிக்கு 400 கனமீட்டர் இழுக்குது. காத்து 1 சதவீதம் விரிஞ்சாலே 1 கிலோபாஸ்கல் போச்சு, அதுக்கு 1 கனமீட்டர் தண்ணி போனா போதும், 9 செகண்ட். அலாரம் அடிச்சு ஆபரேட்டர் திரும்பிப் பாக்குறதுக்குள்ள ரூஃப் உள்ள போயிருக்கும்.

வால்வு_மாமா:
அதைவிட பெரிய சிக்கல், அந்த பம்ப்ப டிரிப் பண்ணவே கூடாது. ஸ்டீம் ஜெனரேட்டருக்கு வழக்கமா தண்ணி குடுக்குற மெயின் ஃபீட்வாட்டர் நின்னு போனா, அதுக்கு பதிலா ஓடுற ஆக்ஸிலரி ஃபீட்வாட்டர் பம்ப் பல டிசைன்ல இந்த டேங்க்லேருந்துதான் எடுத்து ஸ்டீம் ஜெனரேட்டருக்கு அனுப்பும், ரியாக்டரோட மிச்ச சூட்ட எடுக்கறதே அதுதான். டிரான்ஸ்மிட்டர் பொய் சிக்னல் குடுத்து பம்ப் நின்னுச்சுன்னா டேங்க காப்பாத்தப் போயி கூலிங்க தொலைச்ச கதைதான். டேங்க் நசுங்குற அளவுக்குப் போகாட்டியும் வாக்யூம் ஏற ஏற பம்ப் சக்ஷன்ல என்பிஎஸ்ஹெச் (தண்ணி ஆவியாகாம உள்ள வர்றதுக்கு இருக்குற பிரஷர்) குறையும், அதுவும் நல்லதில்ல. அதனாலதான் கரன்ட்டும் சிக்னலும் இல்லாம தானா திறக்குற பிரேக்கர், அதுவும் ஒண்ணு ஒட்டிக்கிட்டா இன்னொண்ணு திறக்கணும்னு ரெண்டு.

வென்ட் ஏன் அடைக்கும்னு கேக்காத, எல்லா வழியிலயும் அடைக்கும். பூச்சி வலை தூசி பிடிக்கும், குளிர் ஊர்ல வென்ட் வாயில ஐஸ் கட்டும், பெயின்ட் வேலைக்கு பாலிதீன் ஷீட் சுத்துவாங்க, அப்புறம் அவுக்க மறந்துருவாங்க. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பான என்ஆர்சி, டொர்னேடோ சுழல்காத்துல பறந்து வர்ற பொருள் பத்தி 2015ல ஆர்ஐஎஸ் 2015-06னு ஒரு அறிக்கை விட்டுச்சு, அதுக்கப்புறம் நிலையங்கள் சோதிச்சுப் பாத்து பாதுகாப்பில்லாம இருக்குன்னு சொன்ன ஐட்டங்கள்ல டேங்க் வென்ட்டும் உண்டு. குழாய் மடங்குச்சுன்னா டேங்க் மூச்சு விட முடியாது.

பைப்பிங்_தம்பி:
ஓ, பம்ப் டிரிப்போட இந்தப் பக்கத்த நான் யோசிக்கவே இல்ல. இதுல தண்ணிக்கு மேல நைட்ரஜன் வாயு நிரப்பி வைக்கிற பிளாங்கெட்டும் இருக்கே, அதுவே காலி இடத்த நிரப்பிடாதா?

கெமிஸ்ட்ரி_அக்கா:
நிரப்பும், ரெகுலேட்டரால அந்த வேகத்துக்கு குடுக்க முடிஞ்சா. அது பெரும்பாலும் நார்மல் ஃப்ளோக்குத்தான் சைஸ் பண்ணியிருக்கும், எமர்ஜென்சில எல்லா பம்ப்பும் சேந்து இழுத்தா பத்தாது. பிரேக்கர் திறந்தா காத்து உள்ள போயி தண்ணில ஆக்ஸிஜன் ஏறும், எங்க டீம் புலம்பும், புலம்பட்டும், டேங்க் நிக்குதுல்ல. ரேடியோஆக்டிவ் கழிவு டேங்குன்னா சும்மா வெளிய வென்ட் விட முடியாது, ஃபில்டர் போட்ட எக்ஸாஸ்ட் லைன்லதான் சேத்திருப்பாங்க, உள்ள காத்து வர்ற வழி அடைஞ்சா எக்ஸாஸ்ட் ஃபேனே டேங்க உறிஞ்சிரும். ஆனா அங்கயும் பிரேக்கர் வைக்கலாம், வெளிக்காத்து உள்ள போகுமே தவிர உள்ள இருக்கறது வெளிய வராது. கசியாம மூடுதான்னு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டே இருக்கணும்.

பைப்பிங்_தம்பி:
சரி, பிரேக்கர் சைஸுக்கு எந்த ஃப்ளோ எடுக்கணும்?

உருளைத்தொட்டி:
டேட்டாஷீட்ல இருக்குற ரேட்டட் ஃப்ளோவ எடுக்காத. எதிர்ப்பிரஷர் குறைஞ்சா பம்ப் ரன்அவுட்டுக்கு, அதாவது அதால முடிஞ்ச உச்ச ஃப்ளோவுக்குப் போயி, ரேட்டட்டவிட அதிகமா இழுக்கும், அந்த ஃப்ளோவ சேந்து ஓடக்கூடிய எல்லா பம்ப்புக்கும் கூட்டிக்கோ. அதோட வெயில்ல காஞ்ச டேங்க் மேல திடீர்னு மழை கொட்டினா உள்ள காத்து சுருங்கும்ல, அந்தக் கணக்கு டேங்க் வென்ட்டுக்கான ஸ்டாண்டர்ட் ஏபிஐ 2000ல இருக்கு, அதையும் மேல சேத்துப் போடு. பிரேக்கர் வாயில பூச்சி வலை இருந்தா அதோட பிரஷர் டிராப்ப விட்டுறாத.